குடமும் ஆரக்காலும்

நம் மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ மருமகளோ கணினித் துறையில் பணியாற்றி வருகின்றனர். ஹெப்பாள் தொழிற்பேட்டையை நோக்கிக் காலையில் புறப்படும் இளைஞர் கூட்டத்தில் தமிழ்க் குரல்களைக் கேட்பது இன்று எவருக்கும் வியப்பளிப்பதன்று. ஆயினும், "உன் வேலை யாது?" என்று வீட்டுப் பெரியவர்கள் வினவினால், "கிளவுட், நெட்வொர்க், ரௌட்டிங்" என்ற மூன்று சொற்களோடு விடை முடிந்துவிடுகிறது. கேட்டவர்க்கு ஏதும் விளங்குவதில்லை. சொன்னவர்க்கும் மேலே விளக்கப் பொழுதில்லை.

இஃது அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடத்தக்க செய்தியன்று. நம் ஓய்வூதியம் வந்து சேரும் வங்கிக் கணக்கும், மருத்துவமனையில் நம் பெயரில் உள்ள நோய்க் குறிப்பும், நம் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணும் இன்று இவ்வலைகளின் வழியே தான் செல்கின்றன. வழி தவறாக அமைந்தால் இழப்பு நம்முடையதே. ஆதலின், இவ்வலைகளில் வழியமைப்போர் கைக்கொள்ளும் ஒரு முறையை, அதாவது நடுவே ஒரு கூடமும் சுற்றிலும் கிளைகளுமாக அமைக்கும் முறையை, இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முற்படுவோம்.

நகரப் பேருந்து நிலையம் கற்பிப்பது

கிருஷ்ணராஜ வட்டத்தின் அருகே உள்ள நகரப் பேருந்து நிலையத்தை அறியாதார் நம்முள் இலர். ஹெப்பாளிலிருந்து சாமுண்டி மலைக்குச் செல்ல விரும்பும் ஒருவர் பெரும்பாலும் இந்நிலையத்திற்கு வந்து, இறங்கி, வேறு பேருந்து ஏறியே செல்கிறார். குவெம்பு நகருக்கும் விஜயநகருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கும் பேருந்துகள் இங்கிருந்து பிரிந்து செல்கின்றன. இவ்விடத்தை வண்டிச் சக்கரத்தின் குடம் என்று கொண்டால், புறநகர்களுக்குச் செல்லும் தடங்கள் அனைத்தும் ஆரக்கால்களாம்.

இவ்வமைப்பின் முதற் பயன் சிக்கனம். பத்து ஊர்களை ஒன்றோடொன்று நேரே இணைக்க வேண்டுமானால் 45 தடங்கள் வேண்டும். இருபது ஊர்களுக்கு 190 வேண்டும். நடுவே ஒரு நிலையம் அமைத்துவிட்டால் பத்து ஊர்களுக்குப் பத்துத் தடங்களே போதும். இரண்டாவது பயன் காவல். எல்லாப் பயணிகளும் ஓரிடத்தில் இறங்கி ஏறுவராயின், அவ்விடத்தில் சோதனைக்காரரை நிறுத்தினாலே போதும்; ஊர்தோறும் நிறுத்த வேண்டுவதில்லை.

கணினி வலையிலும் இவ்விரண்டு பயன்களையும் கருதியே இம்முறை கையாளப்படுகிறது. எனினும், பேருந்து நிலையத்தோடு மைசூரின் வெளிவட்டச் சாலையையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ஹுன்சூர்ச் சாலையில் வரும் லாரியொன்று நகருக்குள் நுழையாமலேயே நஞ்சன்கூடு சாலையை அடைந்துவிடுகிறது. நகரின் நடுவில் எத்துணைச் சோதனைக்காரர் நின்றாலும் அந்த லாரியை அவர் காணமாட்டார். போக்குவரத்திற்கு வெளிவட்டச் சாலை நன்மை. காவலுக்கோ அதுவே பெருங்குறை. நாம் பின்னர்க் கூறவிருக்கும் ஆபத்துகள் அனைத்தும் இவ்வொன்றின் வேறு வேறு வடிவங்களே.

மேகம் என்பது யாது?

கிளவுட், அதாவது மேகம், என்பது வானத்தில் உள்ள பொருளன்று. பெரிய நிறுவனங்கள் தம் கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கிவைத்து, அவற்றின் ஆற்றலைப் பிறருக்கு வாடகைக்கு விடுகின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் பூனா, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் இத்தகைய நிலையங்களைத் தொடங்கிற்று. அமேசான் 2016-இல் மும்பையிலும், 2022-இல் ஐதராபாத்திலும் தொடங்கிற்று. கூகிள் 2017-இல் மும்பைக்கு வந்தது. மைசூரில் அமர்ந்திருக்கும் ஒரு நிறுவனம் தன் கணக்கேடுகளைத் தன் கட்டடத்தில் வைக்காமல் இந்நிலையங்களில் வைத்துக்கொள்ளலாம்.

அங்கே வாடகைக்கு எடுத்த கணினிகளை இணைக்கும் வலை, கம்பி இழுத்து அமைப்பதன்று. அட்டவணை எழுதி அமைப்பதாகும். பொறியாளர் திரையில் நான்கு வரி எழுதினால் ஒரு வலை பிறக்கிறது. இன்னும் இரண்டு வரி எழுதினால் அது மற்றொரு வலையோடு இணைகிறது. இவ்வெளிமை பெரும் வசதி. தவறான சாலையொன்றைப் போடுவதும் அதே அளவு எளிது என்பதை மறத்தலாகாது.

பிரிக்கப்படாத வலையின் கேடு

அனைத்தையும் ஒரே வலையில் வைத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. டில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணினிகள் 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் முடங்கின. ரான்சம்வேர் எனப்படும் நச்சு நிரல், கோப்புகளைத் திறவாதபடி பூட்டிவைத்து, பூட்டைத் திறக்கப் பணம் கேட்கும் இயல்பினது. அந்நிரல் ஐந்து வழங்கிக் கணினிகளைப் பற்றியது, ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள செய்திகள் பூட்டப்பட்டன. வெளிநோயாளர் பதிவும், சோதனைக்கூட அறிக்கைகளும், பிற பணிகளும் பல நாள்கள் காகிதத்தில் கையாலேயே எழுதி நடத்தப்பட்டன. தொலைவிலிருந்து சிகிச்சை நாடி வந்த நோயாளிகள் நீண்ட வரிசைகளில் காத்திருந்தனர்.

இதன் காரணம் குறித்து அரசு நாடாளுமன்றத்தில் அளித்த விடை கருதத்தக்கது. வலை முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமையே காரணமென முதற்கட்ட ஆய்வில் தெரிவதாக அதிற் கூறப்பட்டது. அவ்வலை மேகத்தில் இருந்ததன்று. கழகத்தின் வளாகத்திலேயே இருந்தது. எனினும் பாடம் ஒன்றே. அறைகளுக்கிடையே கதவில்லாத வீட்டில் ஒரு சன்னல் வழியே புகுந்த திருடன் எல்லா அறைகளையும் சுற்றி வருவான். கதவுகள் இருந்து, அவை யாவும் ஒரு கூடத்தில் திறந்து, அக்கூடத்தில் காவலாளும் இருந்தால், அவன் புகுந்த அறையோடு நிற்பான்.

கூடமும் கிளைகளும்

ஹெப்பாளில் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சம்பளக் கணக்கு ஒரு வலையிலும், வாடிக்கையாளர் விவரம் மற்றொரு வலையிலும், புதிய நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் கணினிகள் மூன்றாவது வலையிலும் உள்ளன. இம்மூன்றும் கிளைகள். நடுவே நான்காவது வலையொன்று உண்டு, அதுவே கூடம். கூடத்தில் ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர் நிற்கிறது. மைசூர் அலுவலகத்திலிருந்து வரும் தனிவழியும் இக்கூடத்திலேயே வந்து முடிகிறது.

செய்திகள் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்பியவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் எண்களால் எழுதப்பட்டிருக்கும். தீச்சுவர் அவற்றைப் பார்த்து, "இவர் இவரிடம் இன்ன பணிக்காகப் பேசலாம்" என்ற விதி இருந்தால் விடுகிறது, இல்லையேல் தடுக்கிறது. விதி எழுதப்படாத எதற்கும் இடமில்லை என்பதே இதன் அடிப்படை. சோதனைக் கணினிக்குச் சம்பளக் கணக்கோடு பேச ஒரு தேவையுமில்லை; ஆதலின் அதற்கு விதியுமில்லை.

மேக நிலையங்களின் இயல்பொன்று இதற்குத் துணை செய்கிறது. மைக்ரோசாஃப்டிலும் அமேசானிலும், முதல் கிளையைக் கூடத்தோடும் இரண்டாம் கிளையைக் கூடத்தோடும் நேரிணைப்பால் இணைத்தால், அதனால் மட்டும் அவ்விரண்டு கிளைகளும் ஒன்றோடொன்று பேசிவிட முடியாது. நடுவே ஒருவர் வாங்கிக் கொடுத்தாலன்றிப் பொட்டலம் கடந்து செல்லாது. வலைகள் பெருகியபோது அவற்றை ஒருங்கே இணைக்கும் நடுநிலையமாக, டிரான்சிட் கேட்வே என்னும் அமைப்பை அமேசான் 2018 நவம்பரில் வெளியிட்டது.

குறுகிய முகவரியே வெல்லும்

பொட்டலம் எவ்வழிச் செல்லும் என்பதை வழி அட்டவணை முடிவு செய்கிறது. "இன்ன முகவரிக் கூட்டத்திற்கு இன்ன வழி" என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் எதைக் கொள்வது? அஞ்சல் பிரிப்பவர் முன் "மைசூர் மாவட்டம் இந்தப் பையில்" என்றும், "குவெம்பு நகர் அந்தப் பையில்" என்றும் இரண்டு குறிப்புகள் இருந்தால், குவெம்பு நகர்க் கடிதத்தை அவர் இரண்டாவது பையிலேயே இடுவார். கணினி வலையும் அவ்வாறே. குறுகிய, குறிப்பான வரியே வெல்லும்.

இவ்விதியின் வலிமையை உலகம் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் கண்டது. யூடியூபைத் தம் நாட்டில் தடுக்குமாறு பாகிஸ்தான் அரசு ஆணையிட்டது. அதனை நிறைவேற்ற முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 256 முகவரிகள் தன்னிடம் உள்ளனவென ஒரு வழியை எழுதிற்று. நாட்டிற்குள் மட்டும் இருக்க வேண்டிய அவ்வரி வெளியுலகிற்கும் பரவிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்த வரியோ 1,024 முகவரிகளைக் கொண்டது. பாகிஸ்தானின் வரி அதனினும் குறுகியது. ஆகவே உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபை நோக்கிச் சென்ற பொட்டலங்கள் பாகிஸ்தானுக்குத் திரும்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இந்நிலை நீடித்தது. யூடியூப் தானும் 256 முகவரி வரியையும், பின்னர் 128 முகவரி வரிகளையும் அறிவித்தே தன் வழியை மீட்டது.

கூடத்தைச் சுற்றிச் செல்லும் வழிகள்

இனி நாம் முன்னர்ச் சொன்ன வெளிவட்டச் சாலைக்கு வருவோம். கூடமும் தீச்சுவரும் இருந்தும், பொட்டலங்கள் அவற்றைக் காணாமலே செல்வதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அட்டவணையிலேயே மறைந்துள்ளது. நம் எடுத்துக்காட்டு நிறுவனம் சம்பளக் கிளைக்கு 10.1 என்று தொடங்கும் 65,536 முகவரிகளை ஒதுக்கியிருக்கட்டும். அலுவலகத்திலிருந்து வரும் தனிவழியின் வாயிலில் பொறியாளர், "எல்லா முகவரிகளும் தீச்சுவருக்கே" என்று ஒரே வரி எழுதிவைத்து மனநிறைவு கொள்கிறார். ஆனால் கூடத்தையும் கிளையையும் இணைத்த அக்கணமே, "10.1 நேரே கிளைக்கு" என்ற வரி தானாகவே அட்டவணையில் ஏறிவிட்டது. "எல்லாம்" என்பதைவிட "10.1" குறுகியது, அதுவே வெல்கிறது. அலுவலகத்துப் பொட்டலம் தீச்சுவரைத் தொடாமலே சம்பளக் கணக்கை அடைகிறது. பார்ப்பவர்க்கு எல்லாம் சரியாகவே இயங்குவதுபோல் தோன்றும்; அதுவே இதன் கொடுமை. தீர்வு யாதெனில், வாயிலின் அட்டவணையில் ஒவ்வொரு கிளையின் முகவரிக் கூட்டத்தையும் அதே அளவில் எழுதி, அதற்கு வழி தீச்சுவர் என்று குறிப்பதாம். அளவு ஒத்திருந்தால், மைக்ரோசாஃப்டின் அமைப்பில் தானாக ஏறிய வரியினும் கையால் எழுதிய வரியே மேலோங்கும்.

இரண்டாவது, திரும்பும் வழி. தீச்சுவர் ஓர் உரையாடலின் தொடக்கத்தைக் கண்டு தன் ஏட்டில் குறித்துக்கொள்கிறது. விடை வரும்போது அக்குறிப்போடு ஒப்பிட்டு விடுகிறது. மலைச் சோதனைச் சாவடியில் பதிவு செய்த வண்டி வேறு வழியே திரும்பினால் ஏடு பொருந்தாதன்றோ? அதுபோலவே, போகும்போது தீச்சுவர் வழியாகவும் திரும்பும்போது நேராகவும் பொட்டலம் சென்றால், தீச்சுவர் குழம்பி உரையாடலை வெட்டிவிடும். அலுவலகத்தின் முகவரி வரிகள் தாமாகக் கிளைகளின் அட்டவணைக்குப் பரவாமல் தடுப்பது இதனாலேயே கட்டாயமாகிறது. அமேசானின் அமைப்பில் தீச்சுவர்கள் இரண்டு வேறு கட்டடங்களில் நிற்குமாயின், ஓர் உரையாடலின் போக்கும் வரவும் ஒரே தீச்சுவர் வழியே நடக்கும்படி செய்ய அப்லையன்ஸ் மோட் என்னும் தனி ஏற்பாடு உண்டு. இத்தகைய வெட்டு நேரும்போது, "தீச்சுவரால் தொல்லை" என்று அதனை விலக்கிவிடுவது எளிய வழி. வழியைத் திருத்துவதே சரியான வழி.

மூன்றாவது, மனிதரின் அவசரம். இரண்டு கிளைகளுக்கிடையே, "இன்று ஒரு நாள் மட்டும்" என்று நேரிணைப்பு ஒன்றைப் போடுவர். வேலை முடிந்ததும் அதனை எடுக்க மறப்பர். அல்லது கிளையிலுள்ள ஒரு கணினிக்கு வெளியுலகிலிருந்து நேரே வரத்தக்க பொது முகவரியைக் கொடுத்துவிடுவர். இவை கொல்லைப்புறத் திட்டிவாசல் போன்றவை. கூடத்தின் காவல் எத்துணை வலிதாயினும் திட்டிவாசலை அது அறியாது.

இம்மூன்றையும் தவிர்க்கக் கட்டுவதற்கு முன்பே முகவரிகளைத் திட்டமிடுதல் நன்று. 10 என்று தொடங்கும் தனிப்பயன் முகவரிகள் 1,67,77,216 உள்ளன. இவ்வளவிருந்தும் இரண்டு கிளைகளுக்கு ஒரே எண்ணை வைத்துவிட்டால், ஒரே தெருவில் ஒரே கதவிலக்கம் இரண்டு வீடுகளுக்கு இருப்பது போலாகும். பிற்காலத்தில் அவற்றை நேரே இணைக்க இயலாமற் போகும்.

கூடமே விழுந்தால்?

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பதனால் வரும் குறையையும் மறைத்தல் முறையன்று. குடம் முறிந்தால் ஆரக்கால் எத்தனை நன்றாக இருந்தும் வண்டி ஓடாது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. தம் முதுகெலும்பு வலையில் பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை நிலையங்களிடையிலான இணைப்புகள் அனைத்தையும் அறுத்துவிட்டதே காரணமென அந்நிறுவனமே வெளியிட்டது. பழுது நீக்கப் பயன்படும் உட்கருவிகளும் அதே வலையையே நம்பியிருந்ததால் அவையும் இயங்கவில்லை.

ஆகவே, கூடத்தில் தீச்சுவரை இரட்டையாக, வெவ்வேறு கட்டடங்களில் வைத்தல் வேண்டும். கூடத்தின் சாவியை மிகச் சிலரிடமே கொடுத்தல் வேண்டும். கூடம் விழுந்தபோது அதனைத் தூக்கி நிறுத்த, கூடத்தை நம்பாத ஒரு வழியும் வேண்டும்; அவ்வழி பூட்டியே இருக்க வேண்டும்; அதனைத் திறந்தால் உடனே பலருக்குத் தெரியவும் வேண்டும்.

ஓர் ஆரக்காலை வெட்டி வண்டியைக் காத்தது

கூடமிருப்பதன் நன்மையை நம் நாட்டு வங்கித் துறையில் 2024-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கண்டோம். கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார கிராமிய வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கிற்று. யு.பி.ஐ. முதலிய பணமாற்று முறைகளை நடத்திவரும் தேசியக் கொடுப்பனவுக் கழகம், அந்நிறுவனத்தின் இணைப்பை உடனே தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர் அவ்வேளையில் பணம் அனுப்பவும் பெறவும் இயலாமல் தவித்தனர். சிற்றூர்ப் பெட்டிக்கடைக்காரரும் ஓய்வூதியரும் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் நாட்டின் ஏனைய வங்கிகளில் பணமாற்று நடந்துகொண்டே இருந்தது. சோதனை முடிந்து மறுநாளே இணைப்பு மீண்டது.

ஈண்டு இரண்டு உண்மைகள் புலனாகின்றன. நடுவே ஒரு வாயில் இருந்தமையால் தான் நோயுற்ற கிளையை ஒரே செயலால் பிரிக்க முடிந்தது. அக்கிளையே பல வங்கிகளுக்குக் கூடமாக இருந்தமையால் தான் அத்தனை வங்கிகளும் ஒருங்கே நின்றன. எந்தக் கூடத்தை எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தே அதன் காவலை அளவிட வேண்டும்.

நம் கடமை

நம் நாட்டுக் கணினி அவசரநிலைக் குழு 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அதற்குத் தெரிவித்தல் வேண்டும். போக்குவரத்துப் பதிவேடுகளை 180 நாள்கள் காத்தல் வேண்டும். எல்லாப் பொட்டலங்களும் ஒரு கூடத்தின் வழியே சென்றால் இப்பதிவேட்டை முழுமையாக வைத்தல் எளிது. சுற்றுவழியே சென்றவற்றிற்கோ ஏடும் இராது, சான்றும் இராது.

இத்துறையில் உள்ள நம் இளைஞர்க்கு நாம் கூறுவது சிறிதே. வரைபடத்தில் கூடமும் கிளையும் அழகாக இருப்பது கொண்டு அமைதியடையாதீர்கள். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு பொட்டலத்தை அனுப்பி, அது போன வழியையும் வந்த வழியையும் தீச்சுவரின் ஏட்டில் தேடுங்கள். ஏட்டில் இல்லையேல், எங்கோ ஒரு வெளிவட்டச் சாலை உள்ளது என்று கொள்ளுங்கள். தற்காலிகமாகத் திறந்த வழிகளுக்கு முடிவு நாளையும் அன்றே எழுதிவையுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு பதினொரு மணிக்கு மகளின் தொலைபேசி ஒலித்து, அவள் உணவை விட்டெழுந்து கணினி முன் அமர்ந்தால் சினவாதீர்கள். எங்கோ ஒரு மருத்துவமனையின் நோயாளர் பட்டியலோ, சிற்றூர்க் கூட்டுறவு வங்கியின் கணக்கோ அவள் எழுதும் ஒரு வரியை நம்பியிருக்கக் கூடும். அவ்வேலை யாதென இனி நீங்கள் கேட்டால், அவளும் மூன்று சொற்களோடு நிறுத்தாமல் விளக்குவாள் என்றே நம்புகிறோம்.